மழைக்கு முன் எடுக்க வேண்டிய குப்பை: பினாங்குக் கடலும் நம் பள்ளிகளும்

ஆறுகள் வழியாகக் கடலுக்குள் அதிகமாக நெகிழியைத் தள்ளும் நாடுகளில் மலேசியா உலகத்திலேயே மூன்றாவது இடத்தில் இருக்கிறது. 2021இல் ‘சயன்ஸ் அட்வான்சஸ்’ ஆய்விதழில் வெளிவந்த கணிப்பு இது. முதலில் பிலிப்பீன்ஸ், அடுத்து இந்தியா, அப்புறம் நாம். ஆண்டுக்கு ஏறக்குறைய 73,000 டன். மூன்று கோடிச் சொச்சம் பேர் வாழும் நாடு, நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு அடுத்த படியில் போய் நிற்பது எப்படி?

‘நம் ஆட்களுக்குப் பொறுப்பே கிடையாது’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒழுங்காக அள்ளப்படாமல் வெளியில் கிடக்கும் நெகிழியில் எத்தனை விழுக்காடு கடலைப் போய்ச் சேருகிறது என்ற கணக்கு. சீனாவில் 0.6 விழுக்காடு. இந்தியாவில் 1 விழுக்காடு. மலேசியாவில் 9 விழுக்காடு. வெளியில் கிடக்கும் குப்பையின் மொத்த அளவைப் பார்த்தால் நாம் இந்தியாவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இங்கே கீழே விழுந்த ஒரு பை கடலுக்குப் போய்ச்சேரும் வாய்ப்பு அங்கே இருப்பதைப் போல ஒன்பது மடங்கு. நீளமான கடற்கரை, ஆண்டு முழுதும் அடிக்கடி கொட்டும் மழை, குட்டையான ஆறுகள் ஆகியவை சேர்ந்து செய்யும் வேலை அது. கண்டத்தின் நடுவில் இருக்கும் ஓர் ஊரில் வீசிய பை பல ஆண்டுகள் அங்கேயே மண்ணில் கிடக்கலாம். பினாங்கில் அந்த அவகாசம் கிடையாது.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவையே எடுத்துக்கொள்வோம். லெபோ பசாரிலிருந்து பெங்காலான் வெல்ட் கடலோரத்துக்குப் பொடிநடையாகப் போய்விடலாம். ஒருவர் பையில் கட்டி வாங்கிய தே தாரேக் தேநீரைக் குடித்து முடித்து, பையைக் கடைமுன் நடைபாதையான அஞ்சடியின் தூண் ஓரமாக வைத்துவிட்டுப் போகிறார். மெல்லிய பை, உள்ளே ஒரு ஸ்ட்ரா, ஓரத்தில் முடிச்சுப் போட்ட ராஃபியா கயிறு, எல்லாமே நெகிழி. காற்று அதைத் தெருவோரச் சாக்கடையான லோங்காங்கில் தள்ளுகிறது. வெயில் நாளாக இருந்தால் அது அங்கேயே கிடக்கும். நகராண்மைத் தொழிலாளி ஒருவர் வந்து அள்ளிக்கொண்டு போகவும் வாய்ப்பு உண்டு. பிற்பகல் மழை முந்திக்கொண்டால் கதை முடிந்தது. பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஒவ்வொரு பெருமழையும் லோங்காங்குகளை மொத்தமாகக் கழுவிக் கடலில் கொட்டுகிறது.

ஆற்றோரத்திலும் இதே கதைதான். தண்ணீர்மலைப் பக்கமிருந்து இறங்கிவரும் ஆயர் தெர்ஜுன் ஆறு, சுங்கை பினாங்கில் கலந்து, ஊருக்குள் புகுந்து, கிழக்குக் கரையில் கடலைத் தொடுகிறது. மலையில் புறப்பட்ட நீர் கடலைச் சேர ஒரு நாள்கூட எடுக்காது. ஆற்றில் மிதவைத் தடுப்புகள் கட்டிக் குப்பையைப் பிடிக்கிறார்கள். கிள்ளான் ஆற்றில் 2019இல் ‘தி ஓஷன் கிளீனப்’ அமைப்பின் குப்பை அள்ளும் மிதவை எந்திரமே வந்தது. இவையெல்லாம் தேவைதான். ஆனால் ஆற்றுக்கு வந்துவிட்ட குப்பையைப் பிடிப்பது செலவு பிடித்த வேலை. வேகமாக வரும் வெள்ளத்தில் பாதி நழுவிப் போய்விடும். லோங்காங்குக்கு வருமுன் எடுக்கத் துடைப்பமும் ஓர் ஆளும் போதும். பள்ளிகளைப் பற்றி நான் சொல்ல வருவதெல்லாம் இதை ஒட்டித்தான்.

கடலுக்குள் போன பிறகு

ஒரு சோதனை இருக்கிறது. எந்த வகுப்பிலும் செய்யலாம். ஒரு வாளி நிறையத் தண்ணீர், ஒரு குடிநீர்ப் போத்தல், ஒரு கத்தரிக்கோல். போத்தலின் மூடியைக் கழற்றி வாளியில் போடுங்கள், மிதக்கும். போத்தலின் உடலிலிருந்து ஒரு துண்டை வெட்டி, காற்றுக்குமிழி ஒட்டாதபடி நீருக்குள் அமுக்கிவிடுங்கள், நேரே அடிக்குப் போய்விடும். ஒரே போத்தல், இரண்டு வேறு பிளாஸ்டிக். போத்தலின் உடல் ‘பெட்’ என்ற வகை, அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும். அது தண்ணீரைவிட அடர்த்தி கூடியது, கடல்நீரிலும் மூழ்கும். மூடி பெரும்பாலும் பாலிஎத்திலின் அல்லது பாலிபுரோப்பிலின், தண்ணீரைவிட லேசானது. ஸ்ட்ராவும் மிதக்கும்.

மூடி போட்ட வெறும் போத்தல் காற்றை அடைத்துக்கொண்டு மிதந்து கரைக்கு வரும். மூடி கழன்ற போத்தலில் நீர் புகுந்ததும் கீழே போய்விடும். ஆக, பத்து பெரிங்கி கடற்கரை மணலில் நாம் பார்ப்பது மிதக்கத் தெரிந்த குப்பையை மட்டும். மிதக்காதது நம் கண்ணுக்கு வருவதே இல்லை. இந்த ஒரு சோதனையைச் செய்த பிள்ளைக்கு ‘கடற்கரை சுத்தமாகிவிட்டது, கடலும் சுத்தமாகிவிட்டது’ என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மிதப்பதும் என்றென்றும் மிதந்துகொண்டிருப்பதில்லை. அதன் மேல் பாசி படரும், சிப்பிகள் ஒட்டும், எடை கூடி மெல்லக் கீழே இறங்கும். கரையில் ஒதுங்கியதை வெயில் பொரித்து எடுக்கும். புறஊதாக் கதிர் பட்டுப் பட்டு நெகிழி நொறுங்கும், ஆனால் மக்காது. ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிதானதும் அதற்கு நுண்நெகிழி என்று பெயர். இறாலும் மட்டியும் மீன்குஞ்சும் அதை இரையோடு சேர்த்து விழுங்குகின்றன. பாசி படர்ந்த பை, பசியோடு வரும் உயிருக்கு உணவாகவே தெரியும். 2018 ஜூனில் தாய்லாந்தின் சொங்கலா மாநிலத்தில் கரையொதுங்கிச் செத்த பைலட் திமிங்கிலம் ஒன்றின் வயிற்றில் 80க்கும் மேற்பட்ட பைகள் இருந்தன, ஏறக்குறைய எட்டுக் கிலோ. நம் ஊர்க்காரர்கள் பள்ளி விடுமுறைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போய்வரும் ஹட்ஜாய் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது.

பினாங்குக் கடலில் இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களும் உண்டு. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் இருக்கும் தெபிங் தெங்கா என்ற மணல்திட்டில் கடற்புல் வளர்கிறது. தீவின் வடமேற்கு மூலையில் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பந்தாய் கெராச்சுட்டில் பச்சை ஆமைகளும் சிற்றாமைகளும் முட்டையிட வருகின்றன. தெற்கே தெலுக் கும்பார், கெர்த்தாக் சங்குல் பக்கம் கரையோர மீனவர்கள் இன்னும் சின்னப் படகில் போய்வருகிறார்கள். அவர்கள் வலையில் மீனோடு பையும் சேர்ந்து ஏறுகிறது. அதைப் பிரித்து எடுக்கும் நேரத்துக்குக் கூலி கொடுப்பவர் யாருமில்லை. இதையெல்லாம் பாடநூலில் பசிபிக் பெருங்கடலின் குப்பைத்தீவு என்ற படத்தோடு முடித்துக்கொண்டால், பிள்ளைகள் இது எங்கோ தூரத்தில் நடக்கும் விஷயம் என்றே நினைப்பார்கள்.

பள்ளி என்பது ஒரு பெரிய வாடிக்கையாளர்

பள்ளியும் கடலும் என்றதும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது கடற்கரைத் துப்புரவு. பேருந்து ஏற்பாடு, ஒரே நிற டி-சட்டை, பதாகை, கையுறை, குப்பைப் பை, படம். மதியம் பொட்டலச் சோறு. இதைச் செய்யும் ஆசிரியர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன், சனிக்கிழமையை விட்டுக்கொடுத்து வருகிறவர்கள் அவர்கள். ஆனால் அடுத்த கடலேற்றத்தில் அதே மணலில் அதே அளவு குப்பை வந்து படியும். அள்ளுவதோடு நின்றால் பலன் ஒரு வாரம். எண்ணினால் பலன் நிற்கும். அமெரிக்காவின் டெக்சஸில் 1986இல் தொடங்கி இன்று உலகம் முழுதும் நடக்கும் பன்னாட்டுக் கடற்கரைத் துப்புரவின் பெருமையே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பொறுக்கிய ஒவ்வொன்றையும் வகை பிரித்துப் பதிவு செய்வார்கள். எது அதிகம் வருகிறது என்று தெரிந்தால்தான் எதை நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

அந்த எண்ணும் வேலையைக் கடற்கரைக்குப் போகாமல் பள்ளியிலேயே தொடங்கலாம். ஓய்வு நேரம் முடிந்ததும் சிற்றுண்டிச்சாலைக் குப்பைத்தொட்டியை ஒரு தார்ப்பாயில் கொட்டி, கையுறை போட்டுக்கொண்டு பிரிக்கட்டும். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் பட்டைக் குறிவரைவு வரைந்துவிடுவார்கள், கணிதப் பாடமும் ஆயிற்று. அப்புறம் கட்டடத்தைச் சுற்றி ஓடும் லோங்காங்கை ஒரு சுற்று சுற்றி வரட்டும். தொட்டியில் இருப்பதும் லோங்காங்கில் இருப்பதும் ஒன்றல்ல. தொட்டியில் போத்தலும் பொலிஸ்திரின் பெட்டியும் கிடக்கும். லோங்காங்கில் கிடப்பது சின்னச் சின்ன சாமான்: மிட்டாய் உறை, ஸ்ட்ராவின் கண்ணாடித்தாள் உறை, நொறுக்குத்தீனிப் பாக்கெட்டைத் திறக்கும்போது கிழித்தெறிந்த முக்கோண மூலை. அந்த மூலை விரல் நகம் அளவுதான் இருக்கும். துடைப்பத்தில் சிக்காது, லோங்காங் மூடியின் இடுக்கில் நுழைந்துவிடும், எந்த மறுசுழற்சிக்காரரும் வாங்கமாட்டார். மாணவர் எல்லாரும் தினம் ஒரு பாக்கெட் திறந்தால் தினம் அத்தனை மூலைகள். மூலையை முழுசாகக் கிழித்தெடுக்காமல், அது பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி திறக்க ஒரு பிள்ளைக்குச் சொல்லித்தர ஒரு நிமிடம் போதும்.

பள்ளி லோங்காங் வெளியே போகும் வாயில் ஒரு கம்பிவலை போடுவதும் நல்ல யோசனை. ஆனால் வலையைப் போட்டுவிட்டு மறந்துவிட்டால் குப்பை அடைத்துத் தண்ணீர் தேங்கும், ஏடிஸ் கொசு பெருகும், மழையன்று திடலில் வெள்ளம் நிற்கும். ஆகவே யார், எந்தக் கிழமை எடுப்பது என்பதை முடிவுசெய்த பிறகே வலை. துப்புரவுப் பணியாளரின் தலையில் இதையும் சேர்த்துக் கட்டிவிடக் கூடாது.

இதைவிடப் பெரிய விஷயம் கொள்முதல். ஐந்நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளி, வாரத்துக்கு ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் சாப்பிடும் ஒரு சிறிய ஊர். அங்கே எது விற்கலாம், எதில் போட்டுக் கொடுக்கலாம் என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் பள்ளிக்கு இருக்கிறது. தெருவில் இருக்கும் கடைக்காரரிடம் நாம் கெஞ்சத்தான் முடியும். சிற்றுண்டிச்சாலை நடத்துபவரிடம் ஒப்பந்தம் போடும்போதே சொல்லிவிடலாம். மீஹூனும் நாசி லெமாக்கும் தட்டில் வரட்டும். பானத்துக்குக் கழுவி எடுக்கும் குவளை. பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிய சிராப் வேண்டாம். பிள்ளைகள் கொண்டுவரும் போத்தலில் நிரப்பிக்கொள்ள வேலை செய்யும் வடிகட்டி ஒன்று வேண்டும். வேலை செய்யும் வடிகட்டி என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் குழாய்த் தண்ணீரில் நம்பிக்கை போன அன்றே பெட்டி பெட்டியாகப் போத்தல் வந்து இறங்கிவிடும்.

சிற்றுண்டிச்சாலை அக்காவின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் வாங்கும் விலைக்கு உணவு போட்டு, வாடகை கட்டி, அதிலே ஏதோ கொஞ்சம் மிச்சம் பார்ப்பவர் அவர். தட்டு கழுவ இன்னோர் ஆள் வைத்தால் கைக்காசு போகும். அந்தச் செலவை அவர் தலையில் மட்டும் போட்டால், ஆய்வு நாளன்று மட்டும் தட்டு மேசைக்கு வரும், மற்ற நாளில் பழையபடி பொட்டலம்தான்.

மறுசுழற்சிப் போட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த வகுப்பு அதிக எடைக்குப் போத்தல் சேர்க்கிறதோ அந்த வகுப்புக்குப் பரிசு என்று வைக்கிறார்கள். இந்த முறையில் போத்தல் பானம் அதிகம் வாங்கிக் குடித்த வீட்டுப் பிள்ளைதான் ஜெயிக்கும். வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பிள்ளையின் பெயர் பட்டியலில் வராது. பரிசு கொடுப்பதானால், மாதா மாதம் குப்பைத்தொட்டியின் எடை யார் வகுப்பில் குறைகிறது என்று பார்த்துக் கொடுக்கலாம். உலகம் 2015 வரை உண்டாக்கிய நெகிழிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது ஒன்பது விழுக்காடுதான் என்று 2017இல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. போத்தலுக்கு விலை உண்டு, பழைய பேப்பர் லோரிக்காரர் வாங்கிக்கொள்வார். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய தே தாரேக் பையையும், பல அடுக்கு ஒட்டிய மைலோ பாக்கெட்டையும் யாரிடம் கொடுப்பது? அவை பெருநிலத்தில் நிபோங் திபால் பக்கம் இருக்கும் பூலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போகின்றன. கண்டல் காட்டையும் கடலையும் ஒட்டிய இடம் அது. 2022 ஜனவரியில் அங்கே பிடித்த தீ வாரக்கணக்கில் அணையாமல் புகைந்தது.

வகுப்பறைக்குள்ளும் நெகிழி உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் இரவல் பாடநூல்களுக்குக் கண்ணாடி மேலுறை போடுகிறோம். ஆண்டு முடிவில் நூலைத் திருப்பிக் கொடுக்கும்போது, நல்ல நிலையில் இருக்கும் மேலுறையைக் கழற்றாமல் அடுத்த பிள்ளைக்கு அப்படியே விடச் சொல்லலாம். கடலைக் காப்போம் என்று பிள்ளைகள் வரைந்த சுவரொட்டியை லேமினேட் செய்ய வேண்டாம். பொங்கல் விழாவுக்கு வாழை இலை இருக்கவே இருக்கிறது.

தமிழ்ப்பள்ளிகள் இதில் செய்யக்கூடிய ஒன்று மற்றவர்களால் முடியாதது. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும்தான் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடக்கிறார்கள், தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றுகிறார்கள். அன்று பிளாஸ்டிக் குவளை விழும் தரையிலிருந்து மழைநீர் வழியும் ஆறு எது என்று முன்பே பார்த்தோம். பள்ளியில் குவளை கழுவிப் பழகிய பிள்ளை, பந்தலில் ‘எவர்சில்வர் குவளை வைக்கலாமே மாமா’ என்று கேட்கும். ஒரு பந்தல்காரர் இரண்டு அண்டா சுடுநீரும் நான்கு இளையர்களும் வைத்துக்கொண்டால் அது நடக்கக்கூடிய காரியமே. அன்னதானத்துக்கு ஆயிரக்கணக்கில் வாழை இலை போட்டுச் சமாளிக்கிற நமக்குக் குவளை கழுவுவது மலையா?

பிள்ளைகள் கேட்கும் கேள்வி

‘வெளிநாட்டுக் குப்பையையே இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்களே, நாங்கள் ஏன் ஸ்ட்ராவை விட வேண்டும்?’ என்று கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளை கேட்கும். நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். 2018இல் சீனா கதவை மூடியதும் உலகத்தின் நெகிழிக் கழிவு மலேசியா பக்கம் திரும்பியது உண்மை. 2020 ஜனவரியில் அப்போதைய அமைச்சர் இயோ பீ யின், 150 கொள்கலன்களைப் பதின்மூன்று நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியதாக அறிவித்தார். அறிவித்த இடம் நம் பட்டர்வொர்த் துறைமுகம். 3,737 டன் கழிவு. பிரான்சுக்கு 43 கொள்கலன், பிரிட்டனுக்கு 42. மறு ஆண்டு முதல், கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் புதிய விதிகள் நடப்புக்கு வந்தன. இன்னொரு பக்கம், நெகிழியைக் கட்டுப்படுத்த 2022இல் தொடங்கிய உலக ஒப்பந்தப் பேச்சு 2025 ஆகஸ்டில் ஜெனிவாவில் முடிவில்லாமல் கலைந்தது. தயாரிப்பைக் குறைக்காமல் பள்ளிப் பிள்ளைகளை மட்டும் குறைக்கச் சொல்வது அநியாயம் என்று பிள்ளை சொன்னால், ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே பிள்ளைக்கு இன்னொன்றையும் காட்டலாம். 2009இல் பினாங்கு மாநிலம் வாரத்தில் ஒரே ஒரு நாள், திங்கட்கிழமை மட்டும், கடைகளில் இலவச நெகிழிப் பை இல்லை என்று தொடங்கியது. 2011 ஜனவரி முதல் எந்த நாளும் இலவசப் பை இல்லை என்றானது, வேண்டுமென்றால் அப்போது இருபது காசு. நாட்டிலேயே முதலில் செய்தது இந்த மாநிலம்தான். அப்போது எத்தனை முணுமுணுப்பு! இன்று ஆரம்பப்பள்ளியில் இருக்கும் பிள்ளைகளுக்கு இலவசப் பை என்றால் என்னவென்றே தெரியாது. பை மறந்தவர் ரொட்டியையும் சவர்க்காரத்தையும் கையில் அணைத்துக்கொண்டு வண்டிக்கு ஓடுவது இங்கே சாதாரணக் காட்சி. 2016 ஜூனில் குப்பையை வீட்டிலேயே பிரிக்கும் விதி வந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், அதை நெடுங்காலம் வழிநடத்தி 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிசும் பல பத்தாண்டுகள் விடாமல் குரல் கொடுத்து உருவாக்கிய சூழல் இந்த விதிகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு விதி மாறினால் ஒரு தலைமுறையின் பழக்கம் மாறுகிறது என்பதற்குப் பினாங்குப் பிள்ளைகள் தாங்களே சாட்சி.

பள்ளிக்குள் அந்த விதியை மாற்றும் இடம் சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தம்தான். அது எப்போது புதுப்பிக்கப்படுகிறது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். தட்டும் குவளையும் கட்டாயம் என்பதை அதில் எழுதச் சொல்லுங்கள். கூடவே, கடற்கரைத் துப்புரவு டி-சட்டைக்கு ஒதுக்கிய பணத்தில் மெலமைன் தட்டு வாங்கவும், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நான்கைந்து குழாய் வைத்த நீளமான தொட்டி ஒன்று கட்டவும் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். குழாய்கள் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால், சாப்பிட்ட தட்டை அவர்களே கழுவி அடுக்கிவிடுவார்கள், இன்னோர் ஆளுக்குச் சம்பளம் தேட வேண்டியிருக்காது.